இருபத்தொரு நாள் கரி

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினோரு பேருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன். பன்னிரண்டாவதாக ஒரு பெண் குழந்தை, ஆறு வயது இருக்கும். ஃப்ரேம் கன்னத்தில் இடிக்கிறதா என்று பார்க்க, "எங்க, ஒரு தடவை சிரிங்க" என்று நானே சிரித்துக் காட்டினேன். அது சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துவிட்டு அம்மாவிடம், "இவங்க மண்ணு தின்னாங்களாம்மா?" என்றது. அம்மாக்காரி அதன் தொடையில் கிள்ளினாள். "ஆமா, நிறைய தின்னேன். நீ தின்னாத" என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், கையால் வாயை மூடிக்கொண்டு.

குழந்தை சொன்னதில் வருத்தம் இல்லை. பல்லில் இந்தப் பழுப்புக் கறை சின்ன வயதிலிருந்தே உண்டு, கேட்டுப் பழகியதுதான். குழந்தை போன பிறகு முதலாளியம்மா கூப்பிட்டாள். கடையை ஆரம்பித்த பெரியவரின் மருமகள், ஜனவரியிலிருந்து கடை அவள் கையில்.

"அக்கா, அடுத்த மாசம் புது இடத்துக்குப் போறோம்ல? அங்க முன்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் பளிச்சுனு இருந்தா நல்லா இருக்கும்னு பாக்குறேன். நீங்க உள்ள லென்ஸ் வெட்டுற ரூமுக்குப் போறீங்களா? உக்காந்த வேலைதான், கால் வலிக்காது."

எவ்வளவு பக்குவமாகச் சொன்னாள். என் கால்மேல்தான் அவளுக்கு அக்கறை.

"பாக்கலாம் மேடம்" என்றேன்.

"பாருங்க. மாசக் கடைசியில முடிவு பண்ணலாம்."

அந்த அறை எனக்குத் தெரியும். லென்ஸ் அரைக்கும் மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. நாள் முழுக்க ஓடும். உள்ளே இருப்பவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தோளைத் தட்ட வேண்டும். வீட்டிலும் நான் தோளைத்தான் தட்டுகிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது என் வீட்டுக்காரருக்கு இரண்டு காதும் போயிருந்தது. என் உதட்டைப் பார்த்துத்தான் நான் பேசுவதைத் தெரிந்துகொள்கிறார். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் குரல் என்று ஒன்று இருக்கிறதே, அது இன்னொரு காதில் விழுவது கடையில் மட்டும்தான். அந்தக் கவுண்டரையும் பிடுங்கிக்கொண்டால் நான் என்ன பண்றது? யாருகிட்டப் பேசுறது?

மார்ச் 4, புதன்

வாங்கிவிட்டேன். தேங்காய் ஓட்டுக் கரிப் பொடி. முழுக்க இயற்கை, ரசாயனம் இல்லை, இருபத்தொரு நாளில் முத்துப் போல் வெண்மை. டப்பா மேல் அப்படித்தான் போட்டிருக்கிறது. போன் வீடியோவில் ஒரு பெண் கறுப்பு நுரையைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறாள். நான்கு தடவை பார்த்தேன்.

இன்றிலிருந்து எண்ணினால் 24ஆம் தேதி முடியும். மாதக் கடைசிக்கு முன்னாலேயே.

பொடியைப் பழைய முகப் பவுடர் டப்பாவில் மாற்றி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. ஏழு வருடமாக அவர் கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் இந்த வாயைத்தான் பார்க்கிறார். அது அசிங்கமாக இருக்கிறது என்று நான் போய் எப்படிச் சொல்வது?

மார்ச் 5, வியாழன்

ஈர பிரஷ்ஷில் பொடியைத் தொட்டுத் தேய்த்து, இரண்டு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தேன் — அடுப்புக்குள் தலையை விட்டவள் மாதிரி இருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கூடத்திலிருந்து, "காப்பி போடவா?" என்று கத்தினார். அவருக்குத் தன் சத்தம் தெரியாது, எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். வாயைத் திறக்க முடியாமல் கதவுக்கு வெளியே கையை மட்டும் நீட்டி ஆட்டினேன். வேண்டும் என்றா வேண்டாம் என்றா, எனக்கே தெரியவில்லை. இரண்டு கப் போட்டு வைத்திருந்தார்.

வாஷ்பேசினைக் கழுவத்தான் அதிக நேரம் ஆனது. துண்டில் ஒரு கறை. மடித்து அடியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

வெளுக்கிறவரைக்கும் என்ன செய்வது? முதலாளியம்மா தினமும் என் வாயைத்தானே பார்ப்பாள்.

எங்கள் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பஞ்சமா? ஆள் இல்லாத நேரம் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பேசிப் பார்த்தேன். மேல் உதட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டால் பல் தெரிவதே இல்லை. சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கிக் கன்னத்தால் மட்டும் சிரிக்க வேண்டும். "வணக்கம், வாங்க, எந்த மாதிரி ஃப்ரேம் பாக்குறீங்க?" இதை ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் நன்றாகவே வந்தது.

மார்ச் 12, வியாழன்

ஒன்பதாம் நாள். முன்பல் இரண்டும் வெளுத்த மாதிரி இருக்கிறது. அல்லது கடையில் புது ட்யூப் லைட் போட்டதாலா?

மார்ச் 15, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். "ஏன்க்கா வாய்க்குள்ளேயே பேசுற? கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். உதடு இப்போது தானாகவே மூடிக்கொள்கிறது. வீட்டில் இருக்கும்போதும் நான் நினைக்காமலே அப்படித்தான் பேசுகிறேன்.

அவர் இன்று மூன்று தடவை "என்ன?" என்று கேட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முகத்துக்கு அருகே வந்து பார்க்கிறார். பக்கத்தில் வந்தால் ஈறு ஓரத்துக் கறுப்பு தெரிந்துவிடும் என்று கையை வைத்துக்கொண்டேன். நான்காவது தடவை அவர் கேட்கவில்லை.

மார்ச் 18, புதன்

துப்பியதில் கறுப்போடு சிவப்பு. தண்ணீர் பட்டாலே முன்பல்லில் ஊசி ஏறுகிறது. மதியம் லீவு சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனேன்.

அந்த அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "எதைப் போட்டுத் தேய்க்கிறீங்க?"

சொன்னேன்.

"கறை மேல ஒட்டியிருந்தா தேய்ச்சா போகும். இது பல்லுக்குள்ளயே இருக்கும்மா. சின்ன வயசுல குடிச்ச உப்புத் தண்ணியால வந்தது. நீங்க எவ்வளவு தேய்ச்சாலும் பல்லுதான் தேயும், கறை அப்படியேதான் இருக்கும். உடனே நிறுத்துங்க."

வேறு வழி உண்டாம். நாளாகுமாம், பல வாரம் வர வேண்டுமாம், முதலில் ஈறு ஆற வேண்டுமாம். எனக்குப் பல வாரம் எங்கே இருக்கிறது?

தினமும் நூறு தடவை சொல்கிறேன்: "தூசியோட துடைக்காதீங்க, லென்ஸ்ல கீறல் விழும்." சொல்கிறவள் நான்தான்.

மார்ச் 19, வியாழன்

நிறுத்தவில்லை. இன்னும் ஐந்து நாள்தானே. டாக்டர் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுதான். காலையில் ஒன்று, கடையிலிருந்து வந்ததும் ஒன்று. எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்தேன். எரிந்தது. எரியட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பல்தான் வலிக்கிறது.

கடவுளே, ஒரே ஒரு சுற்று வெளுத்துக் கொடு. முத்தெல்லாம் வேண்டாம்.

மார்ச் 20, வெள்ளி

இப்போதுதான் ஈரத் துணியை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

காலையில் கிளம்பும்போது அவரிடம் சொன்னேன்: "மழை வரும் போல இருக்கு, ஆறு மணிக்குக் குடையோட பஸ் நிறுத்தத்துக்கு வந்துடுங்க." தலையாட்டினார். மாலையில் மழை கொட்டியது. ஒரு மணி நேரம் நின்றேன். வரவில்லை. போனில் மெசேஜ் போடலாம் என்றால் போனும் செத்துவிட்டது. விபத்தோ என்று பயந்து, தொப்பலாக நனைந்து வீட்டுக்கு ஓடினேன். அவர் நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "குடை எடுத்துட்டுப் போகலையா? சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல?"

சொன்னேனே. சொல்லிட்டுத்தானே போனேன்.

அப்போதுதான் அந்தத் தலையாட்டல் ஞாபகம் வந்தது. எனக்கு அது தெரியும். அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் புது ஆள் வந்து எதையோ சொல்வான், இவருக்கு ஒன்றும் புரியாது, திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு இப்படித்தான் ஆட்டுவார். அது வெளியாளுக்குப் போடுகிற தலையாட்டல். எனக்கு ஒரு நாளும் போட்டதில்லை.

யோசித்துப் பார்த்தேன். "என்ன?" என்று கேட்டது. கிட்ட வந்தது. நெற்றியைச் சுருக்கியது. பன்னிரண்டு வருடம் கண்ணாடிக் கடையில் நிற்கிறேன். கண் போகிற ஆள் எப்படிப் பார்ப்பார் என்று எனக்கா தெரியாது?

காது போய், கண்ணும் போனா?

மார்ச் 21, சனி

காலண்டரைத் தூரத்தில் மாட்டி, "இன்னைக்கு என்ன தேதி?" என்று விரலால் காட்டிக் கேட்டேன். படித்துவிட்டார். பெரிய எழுத்து, அதை வைத்து என்ன சொல்ல முடியும்? வாசலில் நின்று தெருக்கோடிப் போர்டுகளை அவரும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பதைப் பார்த்தேன். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. என்னிடம் சொல்லவில்லை.

கரி தேய்த்தேன். எதற்கு என்று தெரியாமலே தேய்த்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய காகிதத்தை ஓரம் சீவி, நூலால் தைத்து, அட்டை ஒட்டி அவரே செய்தது. முதுகில் ஒரு பென்சிலை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

"ஏதாவது சொல்லணும்னா இதுல எழுதிடு" என்றார். "உனக்கும் சிரமம் இல்ல."

காது போன முதல் வருடம் எங்களுக்கு நோட்டுதான். 'உப்பு போதுமா', 'மாத்திரை போட்டாச்சா'. நான் எழுதுவேன், அவர் படிப்பார், அதற்குள் சொல்ல வந்ததே ஆறிப்போயிருக்கும். ஒரு சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது. கோபத்தில் நான் கிறுக்கும் எழுத்து அவருக்குப் புரியாமல், "இது என்ன எழுத்து?" என்று கேட்பார். பிறகு தினமும் சாயங்காலம் விளக்குக்கு அடியில் எதிரெதிரே உட்கார்ந்து பழகினோம். நான் வாயசைப்பேன், அவர் பிடிப்பார். என்றைக்கு நான் சொன்ன நகைச்சுவைக்கு அவர் சரியான இடத்தில் சிரித்தாரோ, அன்றைக்கு அந்த நோட்டையெல்லாம் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம்.

இப்போது மறுபடி நோட்டு. இவ்வளவு அழகாகத் தைத்திருக்கிறார், அதைத்தான் பார்க்க முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்குக் குழாய்? அவருக்குத்தான் கேட்காதே.

மார்ச் 24, செவ்வாய்

இருபத்தொன்றாம் நாள். டப்பாவில் பொடி தீர்ந்துவிட்டது.

அவரைக் கடைக்கு அழைத்துப் போனேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

கண் சோதிக்கிற தம்பி நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கதவோரம் நின்றேன். இவர் எழுத்துகளைப் படிக்கப் படிக்க, தம்பி சின்ன வரிக்குப் போய்க்கொண்டே இருந்தார். கடைசி வரி. அதையும் படித்துவிட்டார். விளக்கை அடித்து உள்ளேயும் பார்த்தாயிற்று.

"அக்கா, கண்ணு என் கண்ணைவிட நல்லா இருக்கு."

"இன்னொரு தடவை பாருங்க தம்பி."

"எத்தனை தடவை பாத்தாலும் இதேதான். நான் கேட்டதுக்கெல்லாம் என் வாயைப் பாத்தே பதில் சொன்னாரே, நீங்களும் பாத்தீங்கல்ல?"

"அப்ப நான் பேசினா மட்டும் ஏன் புரியல?"

தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேட்டுச்சு அக்கா. ஆனா உங்க வாயில ஒண்ணுமே தெரியல."

எதிர்ச் சுவரில் கண்ணாடி. அதில் ஒரு பெண் நின்றாள். மேல் உதடு பல்லின்மேல் ஒட்டிக் கிடந்தது. ஒரு கை தாடைக்குப் பக்கத்திலேயே தயாராக நின்றது. "ஏன் புரியல?" என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் உதடு லேசாக நடுங்கியது, அவ்வளவுதான்.

இதைத்தான் அவர் பதினைந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தம்பியின் முகத்தைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "கண்ணு நல்லா இருக்கா? அப்ப இவ ஏன் என்கிட்டப் பேசுறத நிறுத்திட்டா?"

வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். முதலாளியம்மா பில் போட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் பாவி, அங்கேயும் வாயை மூடிக்கொண்டுதான் அழுதேன்.

மார்ச் 25, புதன்

நேற்று வீட்டுக்கு வந்ததும் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கரிக் கறை பட்ட துண்டையும் வைத்தேன். பழைய மாதிரி விளக்குக்கு அடியில் எதிரே உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளியம்மா சொன்னது, கரி, உதட்டை இழுத்துப் பழகியது எல்லாம். ஒரு "என்ன?" கூட வரவில்லை.

முடித்ததும் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "ஈறெல்லாம் புண்ணாக்கி வச்சிருக்க" என்றார். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது அவருக்கு. "பல்ல யாரு பாத்தா? நான் பல்லுக்குப் பின்னாடி நாக்கு எங்க போகுதுன்னுதான் பாப்பேன். அதை நீ மூடிட்டா நான் எங்க போய்ப் பாக்குறது?"

"கண்ணு போச்சுன்னு நெனச்சீங்களா?"

"அது அப்புறம். மொதல்ல உனக்கு சலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். ஏழு வருஷம் ஒருத்தனுக்காக வாயசைக்கிறதுன்னா சும்மாவா? சலிக்கத்தான் செய்யும்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அதான் நோட்டு தைச்சேன்."

இதை அவர் உரக்கத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

என் பல்லுக்காக நான் இருபத்தொரு நாள் அழுதேன். அந்த இருபத்தொரு நாளும் இந்த மனுஷன் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே நான். என்ன பொம்பளை நான்.

மார்ச் 27, வெள்ளி

உதடு இன்னும் தானாக மூடிக்கொள்கிறது. அவர் மேசையைத் தட்டி, "தெற, தெற" என்கிறார்.

மார்ச் 31, செவ்வாய்

முதலாளியம்மா கூப்பிட்டாள். உள் அறைதான்.

வாயை மறைக்காமல் கேட்டேன்: "பல்லுக்காகவா மேடம்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா. உங்க காலு..."

"கால் நல்லா இருக்கு மேடம். பல்லுன்னா பல்லுன்னு சொல்லிடுங்க. எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

அவள் மேசையில் இருந்த துணியை எடுத்து ஒரு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். சம்பளம் குறையாது என்று மட்டும் சொன்னாள்.

வலிக்கிறது. வலிக்கவில்லை என்று இங்கே எழுதிப் பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடம். கடைசியாக ஒரு வயதானவருக்கு ஃப்ரேம் மாட்டிவிட்டு, முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவருக்கு முன்பல்லே இல்லை.

ஏப்ரல் 11, சனி

பழைய டைரியை மூடி வைத்துவிட்டேன். இது அவர் தைத்த நோட்டு. மேசையில் வேலை இல்லாமல் கிடந்தது.

புதுக் கடையில் லென்ஸ் அறைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வேலை நடப்பதை வாடிக்கையாளர்கள் பார்க்க வேண்டுமாம். உள்ளே மிஷின் இரைச்சலில் என் மூச்சே எனக்குக் கேட்காது. மதியம் முதலாளியம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னாள். கையை ஆட்டினாள், விரலைக் காட்டினாள். கடைசியில் அலுத்துப்போய் ஒரு சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் நீட்டினாள். 'அவசர ஆர்டர் முதலில்.'

அவள் நகர்வதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பா கையில். கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தார். சனிக்கிழமைக் கூட்டம், தெருவில் ஹார்ன், உள்ளே மிஷின். அவர் வாயைப் பார்த்துப் பிடிக்க நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

"பல் டாக்டர் எப்ப வரச் சொன்னாங்க?"

"வியாழக்கிழமை. கறைக்கு இல்ல, கூச்சத்துக்குத்தான்."

"காலையில தோசைக்கல்ல அடுப்புலயே விட்டுட்டு வந்துட்ட."

"நீங்கதான் கடைசியா சாப்பிட்டீங்க."

"மழை வரும் போல இருக்கு."

"குடையோட வாங்க. ஆறு மணிக்கு. பஸ் நிறுத்தத்துக்கு."

வாயை நன்றாகத் திறந்துதான் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என் பல்லைப் பார்த்திருப்பார்கள். முதலாளியம்மா சீட்டும் பேனாவுமாக நின்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் தலையாட்டினார்.

மழை வரவில்லை. ஐந்தே முக்காலுக்கே குடையோடு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.